இதயத்தில் ஓட்டை, ரத்தம் கம்மி: ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது எப்படி?

காங்கேயம் பக்கமிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய மகனுக்கு எட்டு மாதம். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் பெரிய ஓட்டை. எடை கொஞ்சம் ஏறியதும் ஆபரேஷன் என்று சொல்லி, நீர் பிரியும் மருந்து இரண்டு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதே வீட்டில் நங்கையாளின் (கணவரின் சகோதரியின்) மகளும் இருக்கிறாள். மூன்று வயது, தலசீமியா மேஜர், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறார்கள். அவர் கேட்பது இதுதான்: "ரெண்டும் ரத்தம் கம்மியான குழந்தைங்கன்னு சொல்லி, மாமியார் ரெண்டு பேருக்கும் பேரீச்சம்பழ சிரப்பும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) கொடுக்கறாங்க. கொடுக்கலாமாங்க? வீட்ல எதையெல்லாம் கவனிக்கணும்? அடுத்த மாசம் குலதெய்வக் கோயில்ல ரெண்டு பேருக்கும் முடியெடுத்துக் காது குத்தலாம்னு மாமனார் சொல்றாரு, அது பரவாயில்லையா?"

நான் கொங்கு மாவட்டங்களில் முப்பது வருடம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள். இந்த இரண்டு குழந்தைகளைப் போல எத்தனையோ பேர் என் கையில் வளர்ந்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் சுவரொட்டி விஷயம். உங்கள் மாமியார் பாசத்தில்தான் கொடுக்கிறார், அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தப் பெண் குழந்தைக்கு அதை இன்றே நிறுத்துங்கள். "ரத்தம் கம்மி" என்பது நோயின் பெயர் இல்லை. "இதயத்தில் ஓட்டை" என்பதும் பெயர் இல்லை. இப்படிப்பட்ட ஒவ்வொரு வார்த்தைக்குள்ளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான நோய்கள் ஒளிந்திருக்கின்றன. இரும்புச்சத்து குறைந்து சோகையான குழந்தைக்கு ஈரலும் சுவரொட்டியும் நல்லது. தலசீமியாவில் குறைவது இரும்பு இல்லை. ஹீமோகுளோபினைச் செய்யும் மரபணுவிலேயே பழுது. போதாததற்கு, ஏற்றுகிற ஒவ்வொரு பை ரத்தத்திலும் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. நம் உடம்பு ஒரு நாளைக்கு வெளியேற்றக்கூடியது சுமார் 1 மில்லிகிராம்தான். மிச்சமெல்லாம் ஈரலிலும், சுரப்பிகளிலும், கடைசியில் இதயத் தசையிலும் போய்ப் படிகிறது. தலசீமியாக் குழந்தைகளின் உயிரைப் பெரும்பாலும் பறித்தது ரத்தக்குறைவு இல்லை, இதயத்தில் படிந்த இந்த இரும்புதான். ரத்த நோய் என்று நினைத்துக்கொண்டிருப்போம், அது இதய நோயாக வந்து நிற்கும்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு குழந்தையைச் சொல்கிறேன். உதடும் நகமும் நீலமாக இருக்கும் இதயக் குழந்தை. அதன் ஹீமோகுளோபின் 13 என்று ரிப்போர்ட்டில் இருக்கும். பார்த்தவர்கள் "ரத்தம் நல்லா இருக்கே" என்பார்கள். ஆனால் ஆக்சிஜன் போதாத உடம்புக்கு 13 போதாது, அந்தக் குழந்தைக்கு இரும்பு மருந்து தேவைப்படலாம். அதே டானிக் பாட்டில், ஒரு குழந்தைக்கு மருந்து, இன்னொரு குழந்தைக்கு நஞ்சு. ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் நோயின் பெயர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு, தமிழில் ஒரு தாளில் எழுதி அரிசி டப்பா பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அப்பாரு, ஆத்தா, அம்மாயி, பக்கத்து வீட்டுக்காரர் யார் வந்து யோசனை சொன்னாலும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

உங்கள் பையனுக்கு வருகிறேன். கீழறைச் சுவரில் ஓட்டை என்பது பிறவி இதயக் குறைகளில் அதிகம் காணப்படுவது. மொத்தத்தில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு ஒன்பது பேருக்கு ஏதாவது ஒரு இதயக் குறை இருக்கிறது. சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டையில், உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பத் திரும்ப நுரையீரலுக்கே போய்விடுகிறது. நுரையீரலில் ஈரம் கட்டுகிறது, இதயம் ஓயாமல் உழைக்கிறது. குழந்தைக்குப் பால் குடிப்பதே மலை ஏறுவது மாதிரி.

அதைக் கண்ணால் பார்க்கலாம். பையன் பால் குடிக்கும்போது அவன் நெற்றியில் புறங்கையை வையுங்கள். மின்விசிறி ஓடும்போதும் நெற்றியும் பிடரியும் நனைந்திருந்தால் அது இதயம் படும் பாடு. நாலு மிடறு குடிப்பான், விட்டுவிட்டு மூச்சு வாங்குவான், மறுபடி நாலு மிடறு. அரைமணி நேரத்துக்கு மேல் இழுத்தால் குடிப்பதற்கே நிறையச் சக்தி செலவாகிவிடும். ஆகவே இரண்டு மணி, மூன்று மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தலையையும் மார்பையும் உயர்த்திச் சாய்வாக வைத்துக்கொண்டு கொடுங்கள். இருபது, முப்பது நிமிடத்தில் முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு, மீதியைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டுங்கள். பாட்டிலைவிடப் பாலாடை எவ்வளவோ மேல். நம் ஆத்தாமார்களுக்குக் கைவந்த கலை அது, இந்த வேலையை உங்கள் மாமியாரிடமே கொடுக்கலாம்.

கூழ் ஆரம்பித்திருப்பீர்கள். தண்ணியாகக் காய்ச்சாதீர்கள். வயிறு நிறையும், எடை ஏறாது. ராகிக் கூழோ குழைந்த பருப்புச் சாதமோ, கெட்டியாக வைத்து அரை டீஸ்பூன் நெய்யோ தேங்காய் எண்ணெயோ சேர்த்துக் கொடுங்கள். உப்பு வேண்டாம். சுவரொட்டி அவனுக்கும் இப்போது தேவையில்லை. ரத்தப் பரிசோதனையில் இரும்பு குறைவு என்று தெரிந்தால் அளவாகச் சொட்டு மருந்து எழுதித் தருவார்கள். பேரீச்சம்பழ சிரப்பில் சர்க்கரைதான் அதிகம்.

இன்னொன்று, நம் ஊரில் யாரும் யோசிக்காத ஒன்று. இளநீர். தோப்பிலேயே கிடைக்கிறது, குழந்தைக்குக் குளிர்ச்சி என்று கொடுப்போம். நீர் பிரியக் கொடுக்கும் மருந்துகளில் ஸ்பைரோனோலாக்டோன் என்று ஒன்று உண்டு. அது பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைக்கும். இளநீரிலும் பொட்டாசியம் நிறைய. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். மருந்துச் சீட்டில் அந்தப் பெயர் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் இளநீர் வேண்டாம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தாலும், அடுத்த வேளை நீர் மருந்தைக் கொடுப்பதற்கு முன் போன் செய்து கேட்டுவிடுங்கள். உடம்பில் நீர் வற்றும் நேரத்தில் அது மேலும் நீரை இழுக்கும். மருந்தை ஸ்பூனில் ஊற்றாதீர்கள், ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சிக் கன்னத்துப் பக்கமாக மெதுவாக விடுங்கள். பாலில் கலக்க வேண்டாம். பாலை மிச்சம் வைத்தால் மருந்தும் மிச்சம்.

அப்புறம் மூச்சு. இதை நான் ஒவ்வொரு தாய்க்கும் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். குழந்தை தூங்கும்போது சட்டையை முழுக்கத் திறந்துவிட்டு, வெளிச்சம் விழும் இடத்தில் பாயில் படுக்க வையுங்கள். சேலைத் தொட்டிலில் கிடக்கும்போது எண்ண முடியாது. உடம்பு வளைந்து கிடக்கும், நெஞ்சு தெரியாது, உதட்டின் நிறமும் தெரியாது. உங்கள் பையன் கொஞ்ச நாளைக்குத் தொட்டிலில் தூங்காமல் இருந்தால் நல்லது என்பது என் அபிப்ராயம். வயிறு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50 அல்லது அதற்கு மேல் போனால் வேக மூச்சு. இரண்டு மாதத்துக்குக் கீழே என்றால் 60, ஒரு வயதுக்கு மேல் 40. ஆனால் உங்கள் பையனுக்கு நல்ல நாளிலேயே 48 ஓடலாம். ஆகவே பொது எண்ணைவிட அவனுடைய சொந்த எண்தான் முக்கியம். தினமும் இரவு ஒரே நேரத்தில் எண்ணி நோட்டில் எழுதுங்கள். பத்து நாள் 46, 48, 47 என்று இருந்தவன் ஒருநாள் 62 என்றால், காய்ச்சலே இல்லாவிட்டாலும் அன்றைக்கே கிளம்புங்கள். விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, மூக்கு விடைத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ நோட்டையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 108.

எடையை வாரம் ஒருநாள் அங்கன்வாடியில் அதே தராசில், துணியில்லாமல் பாருங்கள். எடை சட்டென்று ஏறி, கண் இமையும் உப்பியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது சதை இல்லை, நீர். தடுப்பூசிகளைத் தள்ளிப் போட வேண்டாம், இவனுக்குச் சளி பிடித்தால் நிமோனியாவாக மாற நேரமாகாது.

சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. பால் குடித்தால் மூச்சு வாங்கி, உடம்பு தேறாத குழந்தையை நம் ஊரில் மாந்தம் என்பார்கள், கணை என்பார்கள், தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போவார்கள், உரம் விழுந்தது என்று துணியில் போட்டு உருட்டுவார்கள். அப்படி மூன்று மாதம் அலைந்த பிறகு வார்டுக்கு வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று மாதத்தில் நுரையீரல் ரத்தக்குழாய்கள் தடித்துப்போய்விட்டால், பிறகு ஓட்டையை மூடவே முடியாமல் போகும். உங்கள் பையனுக்கு ஆபரேஷன் தேதி கிடைத்தால் ஆடி, மார்கழி என்று தள்ளாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் வாரித் தூக்க வருவார்கள். நெஞ்செலும்பு சேர ஆறு வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது. ஒரு கை கழுத்துக்கும் தோளுக்கும் கீழே, இன்னொரு கை புட்டத்துக்குக் கீழே, ஒரு தட்டைத் தூக்குவது மாதிரி அள்ளி எடுக்க வேண்டும். மாமனுக்கும் சித்தப்பனுக்கும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

நீலக் குழந்தைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் படிக்கிறவர்களில் யாருக்காவது உதவும். ஃபாலோ டெட்ராலஜி என்ற நான்கு குறை சேர்ந்த இதய நோயில், காலையில் எழுந்ததும், அழும்போதும், மலம் கழிக்க முக்கும்போதும் குழந்தை திடீரென்று கருநீலமாகி மூச்சு வாங்கும். தண்ணீர் தெளிக்காதீர்கள், முதுகில் தட்டாதீர்கள். இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் சமாதானப்படுத்துங்கள். கால் மடங்கும்போது காலுக்குப் போகும் ரத்தம் தடைபட்டு, நுரையீரலுக்குப் போகும் பங்கு கூடுகிறது. நடக்கத் தெரிந்த குழந்தைகள் ஓடி விளையாடும்போது தாமாகவே குத்துக்காலிட்டு உட்காருவதும் இதற்குத்தான். யாரும் சொல்லித் தராமல் அந்த உடம்பு கண்டுபிடித்த வைத்தியம் அது. சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய், விடியற்காலையில் இப்படி மடக்கிப் பிடித்த பிடியை விடாமல் ஆம்புலன்ஸில் வந்து இறங்கினார். வார்டில் ஒரே ஒரு தடவை பொம்மையை வைத்துக் காட்டியிருந்தோம். அந்தப் பையன் பிழைத்தான். இந்தக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை லேசாக விடக்கூடாது. ரத்தம் ஏற்கெனவே கெட்டியாக இருக்கும், நீர் குறைந்தால் மூளையின் ரத்தக்குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

சரி, உங்கள் நங்கையாளின் மகள். அவளுக்கு ரத்தம் ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் குறிக்கோள். 6, 7 வரை விட்டு, முகம் வெளுத்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவது தப்பு. அப்படி விட்டால் எலும்பு மஜ்ஜை ரத்தம் செய்யப் போராடியே கன்ன எலும்பும் நெற்றியும் புடைக்கும், மண்ணீரல் வீங்கும், வளர்ச்சி நிற்கும். "குழந்தை விளையாடிட்டுத்தானே இருக்கா, அடுத்த வாரம் போலாம்" என்று தறி வேலையையோ தோட்ட வேலையையோ பார்த்துத் தள்ளிப் போடுவார்கள். தேதி என்றால் தேதிதான். காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள்.

ரத்தம் ஏற்றும் நாளில் தாய் என்ன பார்க்க வேண்டும்? பையின் மேல் இருக்கும் பெயரும் ரத்த வகையும் சரிதானா என்று இரண்டு பேர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். நீங்களும் மூன்றாவது ஆளாகப் பாருங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். முதல் பதினைந்து நிமிடம் மிக மெதுவாகத்தான் ஓட வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடமும் நான் கட்டிலை விட்டு நகர மாட்டேன். ஒத்துக்கொள்ளாத ரத்தம் பெரும்பாலும் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். குளிர் நடுக்கம், காய்ச்சல், அரிப்பு, மேலெல்லாம் தடிப்பு. மூன்று வயதுக் குழந்தை சில சமயம் "முதுகு வலிக்குதும்மா" என்று மட்டும் சொல்லும். அதை அடம் என்று நினைக்காதீர்கள், உடனே குழாயை மூடச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒரு பை நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு சிறுநீர் காப்பி நிறமாக இருந்தால் அப்போதும் திரும்பி வர வேண்டும்.

இரும்பை வெளியேற்றும் மருந்து எப்போது தொடங்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். வழக்கமாக 10 முதல் 20 தடவை ரத்தம் ஏறிய பிறகோ, உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு 1000-ஐத் தாண்டும்போதோ தொடங்குவார்கள். கரைத்துக் குடிக்கும் டெஃபெராசிராக்ஸ் மாத்திரை என்றால், கண்ணாடி டம்ளரில் தண்ணீரோ ஆரஞ்சுச் சாறோ ஊற்றிக் கலக்கி, வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு கொடுக்க வேண்டும். அடியில் வெள்ளையாகத் தங்கும், அதிலும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசிக் குடிக்க வைக்க வேண்டும். இந்த அலசலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மாதக்கணக்கில் பார்த்தால் அந்த அடி மிச்சமே பெரிய கணக்காகிவிடும். டெஃபெரிப்ரோன் என்ற வேறு மாத்திரை கொடுத்திருந்தால், காய்ச்சல் வந்த அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு வெள்ளணு எண்ணிக்கை பார்க்க ஓடி வர வேண்டும்.

சாப்பாட்டில் ரொம்பப் பயம் வேண்டாம். முருங்கைக்கீரைப் பொரியல் ஒருநாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஈரல், சுவரொட்டி, கடையில் விற்கும் இரும்பு டானிக் ஆகியவைதான் கூடாது.

இன்னொரு விஷயத்தை மனசு கஷ்டப்பட்டுத்தான் எழுதுகிறேன். தலசீமியாக் குழந்தை பிறந்தது தாயின் குற்றமில்லை. தாயும் தகப்பனும் இருவருமே அந்த மரபணுவில் ஒன்றைச் சுமந்தால்தான் இது வரும், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டும்போது இருவரும் சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் கணவர் அந்தக் குழந்தையின் தாய்மாமன், அவருக்கும் அது இருக்கலாம். நீங்கள் இருவரும், கல்யாண வயதில் வீட்டில் இருக்கிற எல்லோரும் ஹீமோகுளோபின் பிரித்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். அதில் எச்.பி.ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் சுமப்பவர். ஜாதகம் பார்க்கிற அன்றைக்கே இதையும் பார்த்துவிடலாம்.

மற்ற ரத்த நோய்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தம் சரியாக உறையாத நோய் ஹீமோஃபிலியா. அந்தப் பையனுக்கு முட்டி வீங்கினால் ஐஸ் ஒத்தடம், அசையாமல் ஓய்வு, ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் ஊசி. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் அரிவாள் செல் நோயுள்ள குழந்தைக்குக் கை கால் வலித்தால் ஐஸ் வைக்கவே கூடாது, இளஞ்சூட்டு ஒத்தடமும் நிறையத் தண்ணீரும்தான். இங்கேயும் அதே கதை, ஒருவருக்கு உதவும் கைவைத்தியம் இன்னொருவருக்கு ஆகாது. அரிவாள் செல் நமக்குத் தூரத்து நோய் இல்லை. நீலகிரி மலைவாழ் மக்களிடம் இது இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-லேயே எழுதிவிட்டார்கள். இருளர், குறும்பர், பணியர் குடியிருப்புகளில் குழந்தைக்குக் காய்ச்சலோடு வயிறு இடப்பக்கம் புடைத்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது. ஹீமோஃபிலியாவில் தலையில் அடிபட்டால் முதலில் ஃபேக்டர், அப்புறம்தான் ஸ்கேன். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் இரண்டும் ஆகாது, பாராசிட்டமால் கொடுக்கலாம்.

செலவுக்கு: பையனின் ஆபரேஷனுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு, அட்டையில் குழந்தையின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் செல் மூன்றும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. நங்கையாள் தன் மகளுக்கு அடையாள அட்டை வாங்கத் தயங்க வேண்டாம்.

கடைசியாகக் காது குத்து. ஒரு ஹீமோஃபிலியாப் பையனை, நோய் இருப்பதே தெரியாமல், மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்திவிட்டு, இரண்டு நாள் நிற்காத ரத்தத்தோடு கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் உங்கள் மாமனாரின் ஆசையும் எனக்குப் புரிகிறது. பெண் குழந்தைக்குச் செய்யலாம். ரத்தம் ஏற்றிய வாரத்திலேயே நாளை வையுங்கள், உடம்பு தெம்பாக இருக்கும். கிடா விருந்தில் ஈரல், சுவரொட்டி அவள் இலைக்கு வராமல் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும். பையனுக்கு, என்னைக் கேட்டால், ஆபரேஷன் முடிந்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை பொறுக்கலாம். கூட்டம், வெயில், அழுகை மூன்றுமே இப்போது அவனுக்கு ஆகாது. அப்புறம் செய்யும்போது முடியெடுக்கப் புது பிளேடு, காதுக்குப் பிரிக்காத புது ஊசி, நகை போடுமுன் ஸ்பிரிட்டில் துடைப்பது. அதன் பிறகு சில வாரங்களுக்குள் காரணம் தெரியாத காய்ச்சல் விட்டுவிட்டு வந்தால், மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். "இதயத்தில் ஓட்டை இருந்த குழந்தை, காது குத்தினோம்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். இதயத்தின் உள்சவ்வில் கிருமி தங்கியிருக்கிறதா என்று தெரிய, மருந்து தொடங்குவதற்கு முன்பே ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.